ஐந்து வருஷம் அவள் என்ன செய்தாள்?

சிறையைப் பற்றிய கதைகள் இப்போது நிறைய வருகின்றன. போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள், போகாதவர்களும் எழுதுகிறார்கள். எனக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிடும் பழக்கம் உண்டு. படித்துவிட்டு அதோடு சண்டை போடும் பழக்கமும் உண்டு. மற்றப் புத்தகங்களோடு போட்ட சண்டை இரண்டு நாளில் ஆறிவிடும். ஒரே ஒரு புத்தகத்தோடு போட்ட சண்டை மட்டும் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது சின்னப் புத்தகம். உலையில் அரிசி போட்டுவிட்டு எடுத்தால் சோறு வடிக்கும் முன் பாதி படித்துவிடலாம். அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. அவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும், வீண் வம்பு எதற்கு. கதை இதுதான். செய்யாத குற்றத்துக்காக ஒருவன் ஐந்து வருஷம் சிறையில் கிடக்கிறான். அவன் அறைக்கு ஜன்னல் கிடையாது. தினம் விடியற்காலையில் சுவருக்கு வெளியே ஒரு மாட்டுவண்டி போகும். மாட்டின் கழுத்து மணிச் சத்தம் மட்டும் உள்ளே கேட்கும். அந்த மணி கேட்கிற வரைக்கும் வெளியே உலகம் இருக்கிறது, ஒருநாள் நானும் அதற்குள் போய்ச் சேருவேன் என்று அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள். முதல் அத்தியாயத்தில் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என் சண்டை அங்கேதான். அவன் மணியைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஐந்து வருஷமும் அவள் என்ன செய்தாள்? எதைக் காய்ச்சிக் குடித்தாள்? வீட்டுக் கூரையை யார் மாற்றினார்கள்? சிறைக்குள் இருக்கும் பல்லியைப் பற்றிக்கூட முக்கால் பக்கம் எழுதியவருக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நான் அதைப் படித்தபோது என் கணவரும் சிறையில்தான் இருந்தார்.

முப்பதுகளின் தொடக்கம் அது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நெசவுத் தெருவில் எங்கள் வீடு. நான் அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவள் என்பதால் அந்தத் தெருவில் எனக்குக் கொஞ்சம் மதிப்பும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேலியும் உண்டு. என் கணவர் குழித்தறி நெசவாளர். சேலத்தில் சீமைத் துணி விற்கும் கடை வாசலில் மறியல் செய்யப் போய்ப் பிடிபட்டார். ஒன்பது மாதம் போட்டார்கள். ரயிலேறிப் போக வேண்டிய தூரத்தில் ஒரு ஜெயில்.

ஒன்பது மாதமும் இருந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. இனிமேல் இந்த வழிக்கு வரமாட்டேன், செய்தது தப்பு என்று மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் அப்படி வந்திருந்தார்கள். ஒருவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவர் தெருவழியே நடப்பதை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாகவே போய் வந்துகொண்டிருந்தார். யாரும் அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். என் கணவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். துணி ஒரு விரற்கடை குறைகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் உடம்பு மட்டும்தான் வரும், ஆள் வரமாட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் குழந்தைகளில் சின்னவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டால்தான் என்ன என்று நானும் நினைத்தேன். காய்ச்சல் இறங்கியதும் அந்த நினைப்பை நினைத்து வெட்கப்பட்டேன். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அவர் போனபோது தறியில் பாவு, நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல், இருந்தது. சிவப்புக் கரை போட்ட துண்டுப் பாவு. புதிதாகக் கட்டி, இரண்டே துண்டு நெய்திருந்தார். பாவில் கஞ்சி போட்டிருப்பதால் எலிக்கு அது பலகாரம். நாலாம் நாளே கடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவில் அந்நாளில் பெண்கள், நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியில் இறங்குவதில்லை. ராட்டையில் நூல் சுற்றுவோம், நாடாவில் வைக்கிற சின்னக் குழலில் நூலேற்றித் தார் சுற்றிக் கொடுப்போம், பாவு ஓட்டுவோம், கஞ்சி போடுவோம். குழிக்குள் கால் வைப்பது மட்டும் ஆண்கள் காரியம். யார் வைத்த சட்டமோ, யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. எலி கடித்த இழைகளை முடிந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குழிக்குள் இறங்கிவிட்டேன்.

எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றியவளுக்கு நெசவு தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன். தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்திருந்தது, காலுக்குத் தெரியவில்லை. இடது மிதியும் வலது மிதியும் ஒன்றையொன்று கேட்காமல் இறங்கின. குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா தரையில் விழுந்து விழுந்து ஓடியது. முதல் துண்டு அடுப்பங்கரைக்குத்தான் ஆயிற்று. நாலாவது துண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் துண்டு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் தம்முடைய துண்டுகளுக்கு நடுவில் என்னுடையதையும் வைத்துச் சந்தையில் தள்ளிவிட்டு வந்தார். வயிறு காயவில்லை. ராகிக் களி, கீரை, வாரத்தில் இரண்டு நாள் அரிசிச் சோறு. குழந்தைகள் இளைக்கவில்லை.

கதவைச் சாத்தினால் ஆள் மறையும், தறிச் சத்தம் மறையுமா? என் தறி நொண்டி நொண்டி அடிப்பது தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள். அந்தத் தெரு எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

புத்தகம் வந்தது மூன்றாம் மாதத்தில். ஊருக்குள் இருந்த வாசகசாலையிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். அக்காவுக்கு எழுத்து தெரியாது, கதை வேண்டும். மத்தியானத்தில் நான் தறியைவிட்டு எழுந்திருக்கும் நேரம் பார்த்து ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் நூல் சுற்றுவாள், நான் வாசிப்பேன். மணிச் சத்தம் வரும் இடமெல்லாம் அக்கா மூக்கைச் சிந்தினாள். நான் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, அவன் பெண்டாட்டி எங்கே என்று கேட்டேன்.

"எழுதுனவரு ஆம்பளை. ஊட்டுல உலை கொதிக்கறது அவருக்கு எப்படித் தெரியும்? நீ படி சாமி" என்றாள் அக்கா.

ஆனாலும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. அந்த ஒரு பக்கத்துக்காக எழுதியவருக்கு எதையும் மன்னிக்கலாம். சிறையில் அவனை அடிக்கிறார்கள், அவன் தாங்குகிறான். புழுத்த சோறு போடுகிறார்கள், தின்கிறான். ஒருநாள் ஒரு வார்டர், கெட்ட எண்ணம்கூட இல்லாமல், யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, உன் ஊர்ப்பக்கம் வெள்ளம் வந்து எல்லாம் போய்விட்டதாம் என்று சொல்கிறான். மறுநாள் காலையில் வண்டி போகிறது. மணி அடிக்கிறது. அவன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். சுவரோ பூட்டோ உடைக்காத மனிதனை வீட்டைப் பற்றிய ஒரு வார்த்தை உடைத்துவிடுகிறது. அந்த வார்த்தை பொய்யாக இருந்தாலும் போதும்.

அந்த வாரத்திலேயே அமாவாசை வந்தது. என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், சேலத்தில் ஒரு நூல் கடையில் வேலையாக இருந்தார். மாதம் ஒருமுறை ஜெயிலுக்குப் போய்த் தம்பியைப் பார்த்து வருவது அவர்தான். பெண்பிள்ளை அங்கே வந்து நிற்கக் கூடாது என்று அண்ணன் தம்பி இருவருமாக முடிவு செய்திருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து, அமாவாசையன்று எங்கள் வீட்டுக்கு வருவார். கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சேதி சொல்வார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். கெட்ட மனிதர் இல்லை. தம்பி என்றால் உயிர். ஒவ்வொரு தடவையும் குழந்தைகளுக்குப் பொட்டுக்கடலை வாங்கி வருவார்.

அன்றைக்கு வந்தவர் முகம் தெளிவாக இருந்தது.

"ஒத்துக்கிட்டான் அம்மிணி. அடுத்த வாரம் போறப்பக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்னுட்டான்" என்றார்.

மன்னிப்புக் கடிதத்தை ஒரு வக்கீலிடம் சொல்லி எழுதியே வைத்திருந்தார். மடித்த காகிதத்தை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். உள்ளதைத்தான் சொன்னேன் என்றார். தறி நின்றுவிட்டது, வீட்டில் சத்தமில்லை, பிள்ளைகள் பாடு பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்னாராம். கேட்டுக்கொண்டே இருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டு சரி என்று சொன்னாராம்.

நான் முன்னமே கடிதம் எழுதியிருந்தேன், தறி ஓடுகிறது, கவலை வேண்டாம் என்று. ஜெயிலிலிருந்து அவர் பதில் வந்திருந்தது. என்னைத் தேற்றுவதற்காக நீ எழுதுகிறாய் என்று அண்ணன் சொன்னார், குழந்தைகளுக்கு என்ன கொடுக்கிறாய் என்று உண்மையை எழுது என்று கேட்டிருந்தார். கடிதத்தில் எல்லோரும் நலம் என்றுதான் எழுதுகிறார்கள். ஜெயிலில் இருப்பவனுக்கு அது தெரியாதா?

"தறி ஓடுதுங்க மாமா" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

அவர் வருத்தத்தோடு சிரித்தார். "உன்ற ரோசம் எனக்குத் தெரியும் அம்மிணி. மாசாமாசம் வாரேன். ஒருநாளாச்சும் சத்தம் கேட்டிருக்கறனா?"

எப்படிக் கேட்கும்? அமாவாசையன்று எங்கள் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. அது நெசவாளிக்கு ஓய்வு நாள். நெசவாளி வராததால் நூல் கடைக்கும் அன்றுதான் விடுமுறை, அதனால்தான் அவரும் அன்றைக்கு வருகிறார். மூன்று மாதமும் அமாவாசைக்கே வந்து, மூன்று மாதமும் சத்தமில்லாத வீட்டைப் பார்த்துவிட்டு, போய்த் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவரும் இதே தெருவில் பிறந்தவர்தான். நாளைக் கணக்குப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. துக்கத்தோடு வருகிறவருக்கு எல்லாமே துக்கமாகத்தான் தெரிந்திருக்கும்.

"ஆரு நெய்யறாங்க?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. நம் வீட்டுப் பெண் குழியில் இறங்குகிறாள் என்று தெரிந்தால் அன்றைக்கே பாவை அறுத்துப் போட்டுவிடுவார் என்று பயந்தேன். பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதை அவர் பொய் பிடிபட்டதாக எடுத்துக்கொண்டார். போகட்டும், இன்னும் ஒரு வாரம் என்று சமாதானம் சொன்னார். அப்புறம் கிளம்பும்போது, ஜெயில் ஆபீஸில் நாலு பெரிய மனுஷர் முன்னால் நிற்க வேண்டும், தோளில் போட நல்ல புதுத் துண்டு இருந்தால் கொடு, தம்பி நெய்து வைத்தது ஏதாவது மிச்சம் இருக்குமே என்றார்.

உள்ளே போனேன். அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று கண்ணாலேயே கேட்டாள். நான் இன்னும் விற்காத துண்டுகளை அடுக்கியிருந்த கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதையில் அவனுக்கு வெளியிலிருந்து தானாக ஒரு மணிச் சத்தம் கிடைத்தது. யாரோ ஒரு வண்டிக்காரன், யாருக்கோ வைக்கோல் கொண்டுபோகிறவன், அவனுக்குத் தெரியாமலே அடித்த மணி. என் ஆளுக்கு வண்டிக்காரனை நம்பி நான் உட்கார்ந்திருக்க முடியாது. அடுத்த வாரம் கையெழுத்து. நான் பேசினால் கேட்கமாட்டார்கள், எழுதினால் நம்பமாட்டார்கள்.

என் கணவர் துணியை நம்புவார். அதை அவர் படிக்கிற மாதிரி எழுத்தை நான் படித்ததில்லை. ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் நெய்தவன் எந்தத் தெரு, அன்றைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லையா, அவசரமா என்று சொல்லிவிடுவார். இது அவர் கட்டிவிட்டுப் போன பாவு. அந்தச் சிவப்புக் கரை தெருவில் வேறு யாரிடமும் இல்லை. இரண்டு துண்டுக்கு மேல் அவர் நெய்யவுமில்லை, அந்த இரண்டையும் அவரே விற்றுவிட்டுத்தான் போனார். போதாததற்கு எங்கள் தறியின் அச்சில், இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அந்தச் சீப்பில், இடது ஓரம் ஒரு பல் வளைந்திருந்தது. எங்கள் துணியில் அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று கூடவே ஓடும். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது, அவர் விரலுக்குத் தெரியும்.

அக்கா கூடையில் கைவிட்டு மேலாக இருந்ததை எடுத்தாள். பத்தாவதோ பதினொன்றாவதோ, நானே மெச்சிக்கொண்ட துண்டு. இதைக் கொடு, அங்கே நாலு பேர் பார்ப்பார்கள் என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான் நெய்ததை அவர் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார், நன்றாக இருக்கட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அது அத்தனை ஒழுங்காக இருந்தால் கூலிக்கு யாரோ நெய்ததாக நினைத்துக்கொள்வார். நான் விலைபோகாமல் அடியில் கிடந்த ஐந்தாவதை எடுத்தேன். ஒரு பக்கம் நெருக்கி அடித்து, ஒரு பக்கம் தளர்ந்து, கரை வளைந்து வளைந்து போகும். அறுந்த ஊடையை, அந்தக் குறுக்கு இழையை, நெசவாளி முடிகிற மாதிரி முடியாமல், தார் சுற்றும் பெண் முடிகிற மாதிரி முடிந்திருந்தேன். ஓரளவு நன்றாக இருந்த பகுதி வெளியே தெரியும்படி மடித்து, பெரியவன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

மூத்தார் அதைப் பார்க்கவேயில்லை. தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நூல் கடைக்காரர்கள் நூலைப் பார்ப்பார்கள், துணியைப் பார்க்கமாட்டார்கள்.

அதன் பிறகு வந்த எட்டு நாளும் எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் மீதி இருந்தது. அக்கா தினமும் ராட்டையோடு வந்து நின்றாள். நான் படிக்கமாட்டேன் என்றுவிட்டேன். இந்த வீட்டுக் கதை முடியாமல் அந்த வீட்டுக் கதையை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. தறியில் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் மறந்திருந்தது. தப்புத் தப்பாக நெய்தேன், பிரித்து மறுபடியும் நெய்தேன்.

ஒன்பதாம் நாள் முற்பகல். குழிக்குள் இருந்தேன். வாசலில் ஒரு கனைப்புக் கேட்டது. யாரென்று தெரிந்ததும் நாடா கையில் நின்றுவிட்டது. அமாவாசை இல்லாத ஒரு நாளில் அவர் அந்த வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வந்தவர், தெருக்கோடியிலிருந்தே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். கோபமா, குழப்பமா என்று தெரியாத ஒரு குரல்.

ஜெயில் ஆபீஸில் மேஜை போட்டு, காகிதத்தை விரித்து, பேனாவையும் வைத்துவிட்டார்களாம். தம்பியைக் கூட்டிவந்து நிறுத்தினார்களாம். பேனாவைத் தொடுவதற்கு முன், முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன் என்று அண்ணனின் தோளிலிருந்த துண்டைக் கேட்டாராம். துடைத்தார். துடைத்தவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கரையை இரண்டு விரலால் பிடித்து நெடுகத் தடவிக்கொண்டே போனாராம். அப்புறம் துண்டை உதறி மேஜைமேல், அந்தக் காகிதத்தின் மேலேயே விரித்துப் போட்டுக் குனிந்து பார்த்தாராம். நிமிர்ந்தபோது சிரித்தாராம். வாய்விட்டு, ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாராம். வார்டர் பயந்து கையைப் பிடித்துக்கொண்டானாம்.

"கையெழுத்துப் போடலீங்கண்ணா, நான் இருந்துட்டே வாரேன்னுட்டான்" என்றார் மூத்தார். "அதுக்கப்புறம் என்னமோ உளறுனான். உன்றகிட்ட அப்படியே சொல்லோணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்."

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கரை உள்ள இழுக்குதாம். துணியை அகட்டிப் பிடிக்கற மூங்கில் குச்சியை நாலு விரக்கடைக்கு ஒருக்கா மாத்திப் போடோணுமாம். எடது மிதி பத்தலையாம்."

நான் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் நிற்கிறோம், எதிரே மூத்தார் என்பதெல்லாம் மறந்துபோய், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தேன். உலகத்தில் எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டிக்கு எழுதிய கடிதமும் அத்தனை இனித்திருக்காது. அவர் குறை சொல்கிறார். குறை சொல்கிறார் என்றால் முழுதாக இருக்கிறார். வீட்டுக்கு வருவோம், தறியில் உட்காருவோம், அதுவரைக்கும் இவள் ஒழுங்காக நெய்யட்டும் என்கிறார்.

"ஆரு நெய்யறது?" என்று மறுபடியும் கேட்டார் மூத்தார்.

இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். தலையெல்லாம் பஞ்சு. புடவையைக் காலுக்கு இடைஞ்சல் இல்லாமல் தூக்கிச் செருகியிருந்தேன்.

"நானுங்க மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்தார். மூன்று ஊர் தண்ணீர் குடித்து, ரயில் கரி பட்டு வந்திருந்த அந்தத் துண்டை, அப்போதுதான் முதல் தடவையாக விரித்துப் பார்த்தார். கரையைத் தடவினார். எவ்வளவு நாள் நூல் கடையில் இருந்தால் என்ன, நெசவாளி வீட்டில் பிறந்த கை அது. கோடு தட்டுப்பட்ட இடத்தில் நின்றது. தறியிருந்த அறை வாசல் வரை போய்ப் பார்த்தார். பாவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், என் செருப்பில்லாத கால் தடம் மிதியில் பதிந்திருந்ததைப் பார்த்தார். பாவை அறுக்கவில்லை. நான் அவரைத் தப்பாக நினைத்திருந்தேன்.

"நான் அமாவாசைக்கே வந்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

கையெழுத்தில்லாத காகிதத்தை மடியிலிருந்து எடுத்து, அடுப்புப் பற்றவைக்கவாவது ஆகும் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதத்திலிருந்து அவர் அமாவாசைக்கு வரவில்லை. வேலை நாளில் லீவு சொல்லிவிட்டு, தோளில் நூல் மூட்டையோடு வந்தார்.

அன்று மத்தியானம் கடைசி அத்தியாயத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளம் வந்தது பக்கத்துத் தாலுகாவில் என்று தெரிகிறது. அவன் மறுபடியும் மணியைக் கேட்க ஆரம்பிக்கிறான். விடுதலையாகி வருகிறான். மனைவி வாசலில் விளக்கோடு நிற்கிறாள், அவ்வளவுதான். நன்றாகவே எழுதியிருந்தார், இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். நான், அந்த விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அக்கா ராட்டையை எடுத்துக்கொண்டு கோபமாகப் போய்விட்டாள்.

மறுநாள் அச்சாபீஸ் விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். மதிப்புக்குரிய ஐயா, உங்கள் புத்தகத்தில் வார்டர் வருகிற பக்கம் என் வீட்டில் நடந்தது, அதற்கு என் நமஸ்காரம், ஆனால் ஐந்து வருஷம் அவள் என்ன செய்தாள் என்று தயவுசெய்து எழுதவும் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. அவர் மேல் வருத்தமும் இல்லை. சிறைக்குள் இருப்பவன் நம்பிக்கையைத் தானே கண்டெடுக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒருவன் நம்பிக்கையோடு இருக்கிறான் என்றால், வெளியே யாரோ ஒருத்தி இடுப்பொடிய வேலை செய்துகொண்டிருக்கிறாள். இதை நான் எந்தப் புத்தகத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒன்பது மாதமும் முழுசாக இருந்துவிட்டு அவர் வந்தார். உச்சி வேளை. மாலை போட்டு நாலைந்து பேர் கூட வந்தார்கள், ஆனால் நான் பார்த்தது அவர் நடையைத்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தார், கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அப்படியும் தெரு நடுவில், இரண்டு பக்கமும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, கொல்லைப்புறம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் மாதிரி நடந்து வந்தார். அந்த நடைக்காகத்தான் அத்தனையும். என் கழுத்தில் மாலை இல்லையே தவிர, அன்றைக்கு அந்தத் தெருவில் என்னைவிடக் கர்வத்தோடு நின்றவர் யாரும் இல்லை.

கால் கழுவினார், தண்ணீர் குடித்தார், சின்னவளைத் தூக்கிக்கொண்டார். கூட வந்தவர்களும் அக்காவும் தெருவில் பாதிப் பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. நேராகத் தறிக்குப் போனார். மூத்தார் கொண்டுவந்த நூலில் நானே கட்டிய பாவு அதில் இருந்தது, பச்சைக் கரை. விரலால் தொட்டுப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழிக்குள் ஒரு காலை வைத்தார்.

"இருங்க" என்றேன். "இது என்ற பாவு. அறுக்க இன்னும் ரெண்டு துண்டு இருக்குதுங்க."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜெயிலில் ஒரு பேனாவைத் தொடாமல் வந்த மனிதர், வைத்த காலை எடுத்து வெளியே வைத்தார். சுவரோரம் கிடந்த ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் எல்லோர் முன்னாலும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். அவர் தார் சுற்றிக் கொடுக்கக் கொடுக்க, பொழுது சாய்வதற்குள் இரண்டு துண்டையும் நெய்து முடித்தேன்.